உரிமத்தின் ஆயுள் எவ்வளவு?

ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

நம் சங்கங்களில் தேதி பார்த்துச் செய்யும் காரியங்கள் பல உண்டு. கடன் தவணை எந்நாளில் வருகிறது, நூல் இருப்பை எந்நாளில் சரிபார்க்க வேண்டும், சங்க வண்டியின் இன்ஷூரன்ஸ் எந்நாளில் முடிகிறது என்பனவெல்லாம் ஏதேனும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் நான் ஆய்வுக்குச் சென்ற சங்கங்கள் பலவற்றில் ஒரு தேதியை மட்டும் எந்தப் பதிவேட்டிலும் கண்டதில்லை. அது வண்டி ஓட்டுபவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவருடைய லைசென்ஸ், அதாவது ஓட்டுநர் உரிமம், எந்நாள்வரை செல்லும் என்பதே அந்தத் தேதி. அதை அவரும் பார்ப்பதில்லை, சங்கமும் கேட்பதில்லை. இதனால் விளையக்கூடிய நஷ்டம் சிறியதன்று என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2025-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்களே இருந்தபொழுது, கொங்கு நாட்டிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். வாசலில் சங்கத்தின் குட்டியானை வண்டி நின்றது. போர்வைகளும் ஜமக்காளங்களும் கட்டுக் கட்டாக அதில் ஏற்றப்பட்டிருந்தன. சரக்கு அன்று மாலைக்குள் விற்பனை நிலையத்தைச் சேர்ந்தால் பணம் வரும். பணம் வந்தால்தான் தீபாவளிக்கு முன் நெசவாளர்களின் கூலி பாக்கி தீரும். கூலியை எதிர்பார்த்துப் பலர் திண்ணையில் அமர்ந்திருந்தனர்.

வண்டியின் பயணப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நான், வழக்கமாகக் கேட்பதுபோல ஓட்டுநரின் லைசென்ஸையும் கேட்டேன். அவர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். "இருபது வருஷ லைசென்ஸுங்க. 2007-ல எடுத்தது. 2027 வரைக்கும் கவலையில்லைங்க" என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அச்சிட்டிருந்த தேதி முடிந்து பதினெட்டு நாட்கள் ஆகியிருந்தன.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் லைசென்ஸ் எடுத்த காலத்தில் இருந்த விதியில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தார். இருபது ஆண்டுகள் அல்லது ஐம்பது வயது நிறையும் நாள், இவ்விரண்டில் எது முந்தியதோ அதுவரை என்பதே அன்றைய விதி. முப்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்த அவருக்கு 2025 செப்டம்பரில் ஐம்பது வயது நிறைந்தது. அன்றே உரிமமும் முடிந்தது.

செயலாளர் குறுக்கிட்டு, "முப்பது நாள் சலுகை உண்டே சார், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே" என்றார். அவர் சொன்னதும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான். ஆனால் அந்தச் சலுகை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. இதைச் சொன்னதும் திண்ணையில் இருந்த வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் எழுந்து வந்து, "அட்டையில தேதி போயிட்டா, கைக்கு வண்டி ஓட்டறது மறந்து போயிருமாங்க? பத்து நாள்ல நோம்பி வருது. எங்க வயித்தப் பாருங்க" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வண்டியைத் தடுத்து நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கண்டதை ஆய்வுக் குறிப்பில் எழுதாமல் விட எனக்கு உரிமையும் இல்லை. ஆகவே அந்தப் பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் சட்டத்தில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அன்று சொன்னதையே இங்கும் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

எத்தனை ஆண்டுகள் செல்லும்?

நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கான சட்டம் 1914-இல் ஒன்றும், 1939-இல் ஒன்றும், 1988-இல் ஒன்றுமாக இயற்றப்பட்டது. இப்பொழுது நடப்பிலுள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன் 14-ஆம் பிரிவு உரிமத்தின் ஆயுளைக் கூறுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவைப் பெரிதும் மாற்றியமைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., ஆறு மாதங்கள் செல்லும். சொந்த உபயோகத்திற்கான இருசக்கர வாகனம், கார் முதலியவற்றுக்குரிய உரிமத்தின் ஆயுள், அதைப் பெறும் நாளில் அல்லது புதுப்பிக்கும் நாளில் நம் வயது என்ன என்பதைப் பொறுத்தது. முப்பது வயது நிறையாதவர் பெறும் உரிமம் அவருக்கு நாற்பது வயது நிறையும்வரை செல்லும். முப்பது நிறைந்து ஐம்பது நிறையாதவருக்குப் பத்து ஆண்டுகள். ஐம்பது நிறைந்து ஐம்பத்தைந்து நிறையாதவருக்கு, அறுபது வயது நிறையும்வரை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகள்.

உதாரணமாக, இருபத்திரண்டு வயதுத் தறிக்காரர் இன்று உரிமம் பெற்றால் பதினெட்டு ஆண்டுகள் கவலையில்லை. நாற்பத்தைந்து வயதில் புதுப்பிக்கும் விவசாயிக்கு ஐம்பத்தைந்து வரை செல்லும். ஐம்பத்திரண்டு வயதில் புதுப்பிப்பவருக்கு எட்டு ஆண்டுகளும், ஐம்பத்து நான்கு வயதில் புதுப்பிப்பவருக்கு ஆறு ஆண்டுகளும் கிடைக்கும். ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் புதுப்பித்துக்கொண்டு வெளியே வரும் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே ஆயுள் கிடைப்பதில்லை. ஆதலால் அடுத்தவரின் உரிமத்தைக் கொண்டு நம் உரிமத்தைக் கணக்கிடலாகாது.

2019-க்கு முன் பெற்ற உரிமங்களோ, அவற்றில் அச்சிட்ட தேதிவரை செல்லும். நான் இருபது வயதில், 2010-இல், பெற்ற உரிமம் 2030 வரை செல்லுகிறது. எனக்குப் பின் பணியில் சேர்ந்த நண்பர் தமது இருபத்தெட்டாம் வயதில், 2020-இல், பெற்ற உரிமம் அவருடைய நாற்பதாம் வயதில் முடியும். ஒரே மேஜையின் இருபுறமும் இரண்டு கணக்குகள்! மனக்கணக்கை விட்டு அட்டையைப் பார்ப்பதே வழி.

வாடகை வாகனம், பஸ், லாரி முதலிய போக்குவரத்து வாகனங்களுக்குரிய உரிமம் வேறு. முன்பு மூன்றாண்டுகள் செல்லும் என்றிருந்தது, இப்பொழுது ஐந்தாண்டுகள் என்று ஆகியிருக்கிறது. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்பவருக்கு மட்டும் மூன்றாண்டுகள். போக்குவரத்து வாகன உரிமமும் பெற்றவருடைய அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று சொந்த வாகனத்திற்கு, மற்றொன்று போக்குவரத்து வாகனத்திற்கு. பின்னதே பெரும்பாலும் முதலில் முடியும். முன்னதைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகலாகாது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். சரக்கு வண்டியான குட்டியானையைக் கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவர் ஓட்டலாமா? இக்கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. 2024 நவம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதற்கு முடிவு கூறியது. மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, இலகுரக மோட்டார் வாகன உரிமம் உடையவர் தனி அனுமதியின்றியே ஓட்டலாம் என்பதே அத்தீர்ப்பு. ஆகவே நம் ஓட்டுநர் அந்த வண்டியை ஓட்டியதில் தவறில்லை. தேதி முடிந்தபின் ஓட்டியதே தவறு.

சலுகை நாட்கள் எங்கே போயின?

செயலாளர் சொன்ன முப்பது நாள் கதையைப் பல ஊர்களில் இன்றும் கேட்கிறேன். பழைய சட்டத்தில் உரிமம் முடிந்த பின்னும் முப்பது நாட்கள் அது நடப்பில் இருப்பதாகவே கருதப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டது. இப்பொழுது தேதி முடிந்த மறுநாளே உரிமம் செல்லாது.

இதனுடன் மற்றொரு நினைவும் கலந்துவிட்டது. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1 முதல் முடிவடைந்த உரிமங்களும் வாகன ஆவணங்களும் செல்லும் என்று மத்திய அரசு பலமுறை நீட்டித்து, இறுதியாக 2021 அக்டோபர் 31 வரை அவகாசம் தந்தது. ஊரடங்கில் அலுவலகங்கள் இயங்க முடியாதிருந்ததால் தரப்பட்ட அவகாசம் அது. அந்நாளோடு அதுவும் முடிந்தது. "அரசாங்கம் எப்படியும் நீட்டித்துவிடும்" என்றிருப்பது கடன் தள்ளுபடியை நம்பித் தவணை கட்டாதிருப்பதைப் போன்றது.

சட்டத்தில் இப்பொழுது உள்ள "ஓராண்டு" வேறு பொருளுடையது. உரிமம் முடிவதற்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்க மனுச் செய்யலாம். முடிந்தபின் ஓராண்டுக்குள் மனுச் செய்தால், மீண்டும் வண்டி ஓட்டிக் காட்டும் பரீட்சையின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டு கடந்துவிட்டால் அந்தப் பரீட்சையில் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். ஆகவே அந்த ஓராண்டு மனுச் செய்வதற்கான அவகாசமேயன்றி, வண்டி ஓட்டுவதற்கான அவகாசம் அன்று. தேதி முடிந்த நாளுக்கும் புதுப்பித்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் உண்டோ, அத்தனை நாட்களும் உரிமம் இல்லாத நாட்களே.

நஷ்டம் யாருடையது?

உரிமம் நடப்பில் இல்லாமல் ஓட்டுபவருக்கு 181-ஆம் பிரிவின்படி ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 2019-க்கு முன் அபராதம் ஐந்நூறு ரூபாய்தான். இது ஓட்டுநரோடு நிற்பதன்று. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதித்த வண்டியின் உரிமையாளருக்கும் 180-ஆம் பிரிவில் அதே அளவு தண்டனை உண்டு. சங்க வண்டிக்கு உரிமையாளர் சங்கமே.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து விபத்தின்போது வருகிறது. ஓட்டுபவர் உரிய உரிமம் உடையவராக இருக்க வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் நிபந்தனை. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுவரண் சிங் வழக்கில் இதுபற்றி விரிவாகத் தீர்ப்பளித்தது. உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கம்பெனி தப்பித்துக்கொள்ள முடியாது. உரிமையாளர் தக்க கவனம் செலுத்தத் தவறினார் என்பதையும் கம்பெனி மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டுப் பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் வழி செய்யலாம்.

அங்கத்தினர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடிபட்ட ஏழைக்கு நஷ்டஈடு கிடைக்கவேண்டியது தர்மமே. ஆனால் ஆண்டுதோறும் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தியும், ஓர் அட்டையைப் பார்க்கத் தவறியதால் அந்தத் தொகை சங்கத்தின் தலையில் வந்து விழுமானால், அது எங்கிருந்து கொடுக்கப்படும்? தறியில் நாள் முழுதும் மிதித்தவருடைய லாப ஈவிலிருந்தும், காய்கறி கொண்டுவந்து போட்டவருடைய பங்குப் பணத்திலிருந்தும்தான். அன்றியும், அலட்சியத்தால் சங்கத்திற்கு நஷ்டம் விளைவித்தவர்களிடமிருந்து அதை வசூலிக்க 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த விசாரணைகளில் அமர்ந்திருப்பது எவருக்கும் இனிய அனுபவம் அன்று.

தக்க கவனம் செலுத்தினோம் என்று காட்டக்கூடிய சங்கத்திற்கோ, அதே தீர்ப்பு கேடயமாகவும் நிற்கிறது. ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருப்பது அத்தகைய சான்றாகும்.

புதுப்பிப்பது எப்படி?

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்னும் பகுதி வழியாக மனுச் செய்ய வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே செலுத்தலாம். தாமதித்தவர் மிகுதியாகச் செலுத்த நேரும். கைப்பேசியில் செய்யத் தெரியாதவர்கள் இ-சேவை மையத்தை நாடலாம். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றிலேயே இத்தகைய பொதுச் சேவை மையங்கள் நடைபெறுகின்றன. இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் வாங்கிய ஊரிலேயே புதுப்பிக்க வேண்டும் என்பதும் இல்லை. பிழைப்பிற்காக வேறு மாவட்டம் சென்று குடியிருப்பவர் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். மனுவில் எழுதும் முகவரி பிழையின்றி இருத்தல் அவசியம்.

நாற்பது வயது நிறைந்தவர்களும், வயது எதுவாயினும் போக்குவரத்து வாகன உரிமம் உடையவர்களும் டாக்டரிடம் மருத்துவச் சான்று பெற்று இணைக்க வேண்டும். படிவம் 1-ஏ எனப்படும் அச்சான்றில் டாக்டர் விடையளிக்க வேண்டிய கேள்விகள் சில: நல்ல பகல் வெளிச்சத்தில் இருபத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பலகையை இவரால் படிக்க முடிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறாரா? மாலைக்கண் உண்டா? சாதாரண ஹாரன் ஒலி கேட்கிறதா? பார்வையில் குறையிருப்பின் கண்ணாடியால் அது சரியாகியிருக்கிறதா? சிலர் ஆளைப் பாராமலே இச்சான்றை வாங்கிவந்துவிடப் பார்க்கிறார்கள். அவ்வாறு செய்வது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

அட்டை கையில் இல்லாவிடினும், டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள உரிமத்தைக் காட்டினால் அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி உண்டு. உரிம எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால், அது எந்நாள்வரை செல்லும் என்பதையும் பரிவாகன் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சங்கங்கள் தம் ஓட்டுநர்களின் உரிமத்தைச் சரிபார்க்க இஃது எளிய வழி.

பிறகு நடந்தது

இவ்வளவையும் கேட்ட அந்தப் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு செயலாளரைப் பார்த்து, "காய்கறிச் சங்கத்து வண்டி சும்மாதான நிக்குது, கேட்டுப் பாருங்க" என்றார். பக்கத்து ஊர் விளைவிப்போர் சங்கத்தின் வண்டி காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பியிருந்தது. அதன் ஓட்டுநரின் உரிமத் தேதியை முதலில் கேட்டறிந்தோம். பிறகு கட்டுகளை இறக்கி மாற்றி ஏற்ற நெசவாளர்களே கைகொடுத்தனர். சரக்கு ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாடகை ஒரு செலவாயிற்று. கூலி தீபாவளிக்கு முன்பே பட்டுவாடா ஆயிற்று.

நம் ஓட்டுநர் மறுநாளே மனுச் செய்து டாக்டரிடம் சென்றார். அங்கேதான் எதிர்பாராத ஒன்று தெரிய வந்தது. நம்பர் பலகையை அவரால் படிக்க முடியவில்லை. இருபத்தைந்து மீட்டரில் நின்றவர் இன்னும் சில அடிகள் முன்னே வந்த பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன. கண் மருத்துவரிடம் காட்டி மூக்குக்கண்ணாடி வாங்கி அணிந்த பின்பே சான்று கிடைத்தது. சில வாரங்களுக்குப் பிறகு நான் மீண்டும் சென்றபொழுது கண்ணாடியுடன் நின்ற அவர் சொன்னார்: "ரோட்டுப் பலகையில எல்லாம் பெயிண்ட் மங்கிப் போச்சுன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேனுங்க. மங்கினது என் கண்ணுன்னு தெரியலைங்க."

அட்டையில் தேதி போனால் கைக்கு ஓட்டுவது மறந்துபோகுமா என்று பெரியவர் கேட்டாரல்லவா? கை மறப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் கண் மங்குவது கைக்குத் தெரிவதில்லை, கண்ணுக்கே தெரிவதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக எவரும் அவர் கண்ணைப் பரிசோதிக்கவில்லை. இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிபோடும் நமக்கு, கண்ணின் இழை நைவதைக் காட்டித்தர ஒரு தேதி வேண்டியிருக்கிறது. நாற்பதுக்குப் பின் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சட்டம் கேட்பது அதைத்தான்.

அவர் உரிமம் இப்பொழுது அவருடைய அறுபதாம் வயது நிறையும்வரை செல்லும். அச்சங்கத்தின் வாகனப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் 2035 என்று எழுதி, அதற்கு ஓராண்டு முன்னதாகவே நினைவூட்ட வேண்டும் என்ற குறிப்பையும் செயலாளர் சேர்த்திருக்கிறார்.

வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் இவ்வாறு செய்ய வேண்டுகிறேன். ஓட்டுநரின் பெயர், உரிம எண், எவ்வகை வாகனங்களுக்கு உரியது, எந்நாள்வரை செல்லும் என்னும் நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஆண்டுக்கொருமுறை அட்டையுடன் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டால் போதும். வாடகைக்கு அமர்த்தும் வண்டிக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். சொந்தத்தில் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் ஓட்டும் அங்கத்தினர்கள், இந்த இதழைக் கீழே வைத்தவுடன் தம் லைசென்ஸை எடுத்து அதிலுள்ள தேதியை ஒருமுறை படிப்பார்களாக. வீட்டில் ஐம்பதைக் கடந்த பெரியவர் இருந்தால் அவருடைய அட்டையையும் வாங்கிப் பார்ப்பார்களாக. அத்தேதியைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால், கண் டாக்டரைப் பார்க்கும் நாளும் வந்துவிட்டது என்று அறிவார்களாக.